டிஸ்க்குகளுக்குப் பொட்டு வைத்த வருடம்

அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்வது கடினம். வெறும் வாணலியின் அடியைக் கரண்டியால் சுரண்டினால் வருமே, ஏறக்குறைய அதுபோல. கரக், கரக், கரக். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் கரக்.

விஜயதசமி காலை, எட்டு மணி இருக்கும். பாப்பாவுக்கு அப்போது எட்டு மாதம். பல் முளைக்கிற சமயம் என்பதால் மூன்று நாட்களாக மடியைவிட்டு இறங்கவில்லை. அவளை இடது தொடையில் உட்காரவைத்துக்கொண்டு, வலது கையால் ஃப்ளாப்பி டிஸ்க்கைக் கம்ப்யூட்டருக்குள் தள்ளியிருந்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரவேண்டும். சத்தம்தான் வந்தது.

சமையலறையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். அத்தை என்றால் என் கணவரின் அம்மா.

"சுதா, மிக்ஸி போட்டிருக்கியா?"

"இல்ல அத்தை."

"அப்புறம் என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல அத்தை."

அந்த 'ஒண்ணுமில்ல'யை நான் ஆறு வருடம் சுமந்தேன்.

தினமும் மறந்துபோகிற இயந்திரம்

இப்போது கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது விளங்காது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அஸ்தினாபுரத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக் கூடத்தில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. குரோம்பேட்டையில் மூடப்பட்ட ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து என் கணவர் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதன் ஹார்டு டிஸ்க் செத்துப்போயிருந்தது. அதாவது, உடம்பு இருந்தது, ஞாபகம் இல்லை.

ஆகவே ஒவ்வொரு காலையும் அதற்கு எல்லாவற்றையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதலில் 'டாஸ்' இருக்கும் டிஸ்க்கை நுழைக்க வேண்டும். அதைப் படித்த பிறகுதான் தான் ஒரு கம்ப்யூட்டர் என்பதே அதற்குத் தெரியும். அப்புறம் அதை எடுத்துவிட்டு, புரோகிராம் எழுதும் 'சி' மொழி டிஸ்க். அதையும் எடுத்துவிட்டு, நான் எழுதிய புரோகிராம் இருக்கும் டிஸ்க். கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும்.

ஊரெல்லாம் விண்டோஸ் வந்துவிட்ட காலம் அது. என் கணவர் வேலை பார்த்த மறைமலைநகர் தொழிற்சாலையில்கூட மவுஸைப் பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பத்து வருடம் பின்தங்கிய ஒரு கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அஞ்சல் வழியில் பி.ஜி.டி.சி.ஏ. என்ற கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தேர்வுகளைப் பாப்பா வயிற்றில் இருக்கும்போதே முடித்துவிட்டேன். ப்ராஜெக்ட் மட்டும் பாக்கி. குழந்தையின் பிறந்த தேதியைக் கொடுத்தால், எந்தத் தடுப்பூசியை என்றைக்குப் போட வேண்டும் என்று சொல்லும் புரோகிராம். பாப்பாவின் தடுப்பூசி அட்டையை நாளுக்கு நான்கு முறை எடுத்துப் பார்க்கிற ஒருத்திக்கு வேறு என்ன தோன்றும்?

ஓடுகிற புரோகிராமை டிஸ்க்கில் கொண்டுபோய்க் காட்டினால்தான் டிப்ளமோ. டிப்ளமோ இருந்தால்தான், குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்காக வைத்திருந்த கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. "ஜனவரிக்குள்ள சர்டிபிகேட் காட்டுங்க, இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறோம்" என்று அந்தத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். இந்தத் தடவை விட்டால் அடுத்த ப்ராஜெக்ட் தேதி ஒரு வருடம் கழித்து. விஜயதசமியன்று, கடைசி நாளுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

இன்று அதே பள்ளியில் என் மாணவிகள் கேட்பதுண்டு: "மிஸ், கம்ப்யூட்டர்ல டிரைவ் எல்லாமே 'சி'ன்னுதானே ஆரம்பிக்குது, 'ஏ'யும் 'பி'யும் எங்க போச்சு?" ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிகளுக்காக ஒதுக்கிய எழுத்துகள். ஹார்டு டிஸ்க் பின்னால் வந்ததால் அதற்கு மூன்றாவது எழுத்துதான் கிடைத்தது. ஃப்ளாப்பிகள் போய்விட்டன. அந்த இரண்டு இடங்களிலும் இன்னும் யாரும் உட்காரவில்லை. இதை நான் வகுப்பில் சொல்வேன். பெண்கள் எழுதிக்கொள்வார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு

டிஸ்க்குகளிடம் எனக்கிருந்த பயம் கல்லூரியில் வந்தது.

எங்கள் கல்லூரியில் ஏ.சி. இருந்த ஒரே அறை கம்ப்யூட்டர் லேப். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குளிருக்கு நாங்கள் சாக்ஸ் கொண்டுபோவோம். தூசி ஆகாது, ஈரக் கை ஆகாது, பூ வைத்த தலையோடு குனியக் கூடாது. டிஸ்க்குகள் அப்போது அகலமாக, அப்பளம் மாதிரி வளைகிறவையாக இருந்தன. காகித உறையில் போட்டு, நோட்டுக்குள் வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் போவோம். என் சிநேகிதி ஒருத்தி ஒரு முறை தன்னுடையதை ஸ்டேப்ளர் போட்டு ரெக்கார்டு நோட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்.

லேப் உதவியாளர் அதைத் தூக்கிப் பிடித்து, "இத வெச்சு நான் இன்னாம்மா பண்றது, பட்டமா வுடறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நாங்கள் சிரித்தோம். நான் சற்று அதிகமாகவே சிரித்ததாக ஞாபகம்.

பிறகு வந்த டிஸ்க்குகள் சிறியவை, கெட்டியான பிளாஸ்டிக் சட்டை போட்டவை. பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. என் புரோகிராமுக்கு மூன்று நகல்கள் வைத்திருந்தேன். ஒன்று டிஸ்க் டப்பாவில், தினமும் எடுக்க. இரண்டாவது பீரோவில், பட்டுப்புடவை மடிப்புக்குள். மூன்றாவது, பாப்பாவின் தடுப்பூசி அட்டை இருந்த கவரில். ஒவ்வொரு ஞாயிறும் மூன்றையும் ஒன்றுபோல ஆக்கிவைப்பேன். "பேங்க் லாக்கர்லயும் ஒண்ணு வெச்சுடேன்" என்று இவர் கிண்டல் செய்வார். அதையும் நான் யோசித்திருந்தேன்.

மூன்று நிமிடம்

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் கமலா. தொலைபேசி இலாகாவில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலத்தில் சேர்ந்தவர். நேரடியாக எண்களைச் சுழற்றும் வசதி வந்த பிறகு விசாரணைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நான் சொல்லும் வருடம், ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது.

டிரங்க் காலுக்கு மூன்று நிமிடம்தான் கணக்கு; அந்த வேலையின் பழக்கம் வீட்டிலும் உண்டு. யார் ஃபோன் செய்தாலும் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார். நான் என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?" என்று ஆபரேட்டர் குரலில் கேட்பார். அது கிண்டலா கண்டிப்பா என்று எனக்குக் கல்யாணமான முதல் வருடம் முழுக்கப் புரியவில்லை.

அவருக்கு ஒரே ஒரு சிநேகிதி. சரோஜா, கோயம்புத்தூர் எக்ஸ்சேஞ்ச். இருபது வருடத்துக்கு மேல் ஒருவருக்கொருவர் லைன் போட்டுக் கொடுத்தவர்கள். இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் கிடைத்த அரை நிமிடங்களில் கல்யாணம், பிரசவம், மாமியார், மாமனார் சாவு எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டவர்கள். என் மாமனார் இறந்த செய்தியை எல்லா ஊருக்கும் சொன்னது சரோஜாதானாம்.

ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஃபோட்டோகூட அனுப்பிக்கொள்ளவில்லை. "குரல் தெரியும், போதும்" என்பார் அத்தை.

அந்த வருடம், தீபாவளிக்கு முன்னால், சரோஜா ஓய்வு பெற இருந்தார். பிரிவு உபசார விழாவுக்கு அத்தை போவதாக இருந்தது. பத்து நாள் லீவு, சரோஜா வீட்டிலேயே தங்கல். ஆறு மாதத்துக்கு முன்பே லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை எடுத்து, ஃபால்ஸ் தைத்து வைத்திருந்தார். எந்தப் புடவையில் வருவேன் என்று சரோஜாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார், ரயிலடியில் அடையாளம் தெரிய வேண்டுமே.

பொட்டு

ஆயுத பூஜையன்று அத்தை சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் என்னிடம் கொடுத்தார். கூடவே குங்குமச் சிமிழ்.

"தையல் மிஷின், இவன் ஸ்கூட்டர், அருவாமணை, உன் மிஷின், எல்லாத்துக்கும் வெச்சுடு. நான் சுண்டலைப் பாக்கறேன்."

ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தேன். கம்ப்யூட்டர் பெட்டிக்கு வைத்தேன். திரைக்கு மேலே வைத்தேன். அப்புறம்தான் யோசனை. இந்தப் பெட்டிக்குள் ஒன்றுமே இல்லையே. இது எப்படி ஆயுதம்? வேலை செய்வது டிஸ்க்குகள்தானே. அவற்றை விட்டுவிட்டால்?

டப்பாவில் பத்து டிஸ்க்குகள் இருந்தன. லேபிள் மேல் வைத்தால் பேனாவில் எழுதிய பெயர் அழிந்துவிடும். திருப்பினேன். பின்பக்கத்தில், நட்டநடுவில், வட்டமாக ஒரு உலோகத் தகடு இருக்கும். பார்த்தால் அதற்கென்றே செய்த இடம் மாதிரி இருந்தது. பத்துக்கும் வைத்தேன். மேலே குங்குமம்.

லேப் வாசலில் செருப்பைக் கழற்றியவள்தான் நான். ஈரம் ஆகாது, பொடி ஆகாது என்று தெரியாதவள் அல்ல. வைக்கும்போது ஒரு கணம் கை நின்றது. வைக்காமல் விட்டு ப்ராஜெக்ட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால், என்று எண்ணம் ஓடியது. வைத்து ஏதாவது ஆகும் என்ற எண்ணம் பின்னால்தான் வந்தது.

பட்டுப்புடவைக்குள் இருந்ததையும், தடுப்பூசிக் கவரில் இருந்ததையும் எடுக்கவில்லை. அந்த இரண்டும் சுத்தமாக இருந்தன. இதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆர், ஆர், ஆர்

விஜயதசமிக் காலைக்கு வருகிறேன்.

அந்தத் தகட்டின் ஓரத்தில் இடைவெளி உண்டு. ராத்திரி காய்ந்த சந்தனம் அதன் வழியே பொடியாக உள்ளே இறங்கியிருக்கிறது. டாஸ் டிஸ்க் கரகரத்துக்கொண்டே எப்படியோ ஓடி முடித்தது. சி மொழி டிஸ்க்கும் அப்படியே. பிறகு புரோகிராம் டிஸ்க்கைப் போட்டேன். கரக், கரக். படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது. கீழே அந்தப் பழைய கேள்வி: அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?

விட்டுவிடவா, மறுபடி முயலவா, தோற்றதாக வைத்துக்கொள்ளவா? டாஸில் வேலை பார்த்த யாருக்கும் இந்த வரி மறக்காது. முதல் எழுத்தை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும்.

நான் 'ஆர்' அழுத்தினேன். கரக். மறுபடி ஆர். பாப்பா அழ ஆரம்பித்தாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டினேன், ஒரு கையால் முதுகை, ஒரு கையால் ஆர். எத்தனை முறை என்று தெரியாது.

பிறகு பீரோவைத் திறந்தேன். பட்டுப்புடவையிலிருந்து இரண்டாவது நகல். பதறியதில் புடவை சரிந்து கீழே விழுந்தது. உள்ளே தள்ளினேன். கரக். ஆர். ஆர். ஆர்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். தடுப்பூசிக் கவர் ஷெல்ஃபின் மேல் தட்டில் இருந்தது. ஸ்டூல் போட்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறி எடுத்தேன். மூன்றாவது நகல்.

கரக்.

"சுதா, அந்த மிக்ஸிய நிறுத்தேன்" என்றார் அத்தை.

சந்தனம் கண்ட டிரைவ்

மறுநாள் இவர் ஷிப்டுக்குப் போன பிறகு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மேற்குத் தாம்பரம் போனேன். மார்க்கெட் பக்கம் ஜோசப் அண்ணன் கடை. பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவர். எங்கள் பெட்டியில் டிஸ்க்கைப் படிக்கும் டிரைவை என் கணவர் முன்தினமே கழற்றித் தந்திருந்தார்; அதையும் டிஸ்க்குகளையும் கொடுத்தேன்.

ஜோசப் அண்ணன் மூடியைத் திறந்தார். மோந்து பார்த்தார்.

"இன்னா மேடம் இது, கமகமன்னு கீது? உள்ள பூஜை பண்ணிக்கினு இருந்தீங்களா?"

பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் மோந்தார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. பாப்பா அண்ணனின் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

ஒவ்வொரு டிஸ்க்காக அதன் உலோகக் கதவைத் தள்ளி, உள்ளே தெரிந்த பழுப்புத் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வட்ட வட்டமாகக் கோடுகள்.

"படிக்கிற தலை மேல சந்தனம் அப்படியே ஒட்டிக்கீது. உப்புக் காகிதம் மாதிரி கீறிக்கினே போயிருக்குது." பிறகு கடைசி இரண்டைக் கையில் எடுத்தார். "இந்த ரெண்டுல பொட்டே இல்லியே மேடம்."

"அது தனியா வெச்சிருந்த காப்பிண்ணா."

"அய்யோ. இத்த ஏன் உள்ள வுட்டீங்க? மொத சத்தம் வந்தப்பவே நிறுத்திட்டு, இத்த மட்டும் என்னாண்ட எடுத்துகினு வந்திருந்தா, வேற டிரைவ்ல போட்டு அஞ்சு நிமிஷத்துல எடுத்துக் குடுத்திருப்பேனே. நல்லாக் கீற புள்ளய நீங்களே இட்டாந்து சீக்காளி பக்கத்துல படுக்க வெச்சிட்டீங்க."

அவர் அதைப் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்.

கோயம்புத்தூர் லைன்

அன்று மாலை இவர் வந்ததும் கேட்டார். டிஸ்க் எல்லாம் போய்விட்டது, உள்ளே சந்தனம் இறங்கிவிட்டது என்றேன். அது உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இவர் நேராக அத்தையிடம் போனார்.

"கம்ப்யூட்டருக்கு யாராவது சந்தனம் வெப்பாங்களாம்மா? ஒரு வருஷப் படிப்பு போச்சு அவளுக்கு."

"எங்க எக்ஸ்சேஞ்சுல போர்டு போர்டா வெச்சிருக்கோம்டா. ஒரு கால் கட்டானது இல்ல."

"அது வேறம்மா. இது வேற."

அத்தை மடித்துக்கொண்டிருந்த பாப்பாவின் துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். "நான்தானே கிண்ணத்தைக் கொடுத்தேன்" என்றார்.

நான் கதவருகில் நின்றிருந்தேன். இல்லை அத்தை, இரண்டு நகல் நன்றாகத்தான் இருந்தது, பயத்தில் நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அந்த நேரம் பாப்பா சிணுங்கினாள், நான் உள்ளே போனேன். சிணுங்காவிட்டாலும் போயிருப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அரை மணி கழித்து அத்தை வந்தார். "எத்தனை நாள் இருக்கு?"

"பதினொண்ணு அத்தை."

"அந்த புரோகிராம், பேப்பர்ல எங்கயாவது இருக்கா?"

இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் என் வழிகாட்டிக்குக் காட்டுவதற்காக, ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்த நீளக் காகிதத்தில் அச்சடித்திருந்தேன். அவர் சிவப்பு மையில் திருத்தித் தந்தார். திருத்தங்களை டிஸ்க்கில் ஏற்றியதும், காகிதம் வேண்டாம் என்று அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை வெட்டி, சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தார்.

அத்தை சமையலறைக்குப் போய் டப்பாக்களை இறக்க ஆரம்பித்தார். துவரம்பருப்பு, உளுந்து, புளி. ஒவ்வொரு தட்டிலிருந்தும் காகிதத்தை உருவினார்.

பிறகு கூடத்துக்கு வந்து ஃபோனை எடுத்தார். நான் தரையில் உட்கார்ந்து காகிதங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

"சரோ, நான்தான். வர முடியல... இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. வீட்டுல ஒரு வேலை... தெரியும் சரோ... கத்தரிப்பூ கலர்தான், ஆமா, தெச்சாச்சு..." கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிஷம் ஆச்சு. வெக்கிறேன்."

வைத்துவிட்டார். புளி ஒட்டியிருந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எது முதல் பக்கம்?" என்றார்.

பொட்டு வைத்த கமா

ஜோசப் அண்ணன் வேறு டிரைவ் மாட்டி, டாஸும் சி மொழியும் ஏற்றிய புது டிஸ்க்குகளும் தந்தார். கோயம்புத்தூருக்காக எடுத்த அத்தையின் லீவில், பத்து நாள் தட்டச்சு செய்தோம்.

நான் அடிக்க, அத்தை படிப்பார். மடியில் பாப்பா, கண்ணில் கண்ணாடி, கையில் மஞ்சள் கறை படிந்த காகிதம். இங்கிலீஷ் புரோகிராமின் அர்த்தம் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு எழுத்து பிசகாது.

"இஃப். பிராக்கெட் ஓப்பன். டி ஃபார் டெல்லி. கிரேட்டர் தேன். எம் ஃபார் மெட்ராஸ். பிராக்கெட் க்ளோஸ். இது என்னடி, கமா மேல புள்ளி?"

"செமிகோலன் அத்தை. ஒவ்வொரு வரி முடிவிலயும் வரும்."

"பொட்டு வெச்ச கமா" என்றார். சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அதிலிருந்து அதன் பெயர் அதுதான். "பி ஃபார் பாம்பே, ஈக்வல் டு, ஜீரோ, பொட்டு வெச்ச கமா."

காலையில் தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, சமைத்து, பாப்பா தூங்கும் நேரத்தில் அடிப்போம். அவள் விழித்தால் அத்தை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே படிப்பார். என் கண் இமை சில சமயம் சாவிப்பலகையின் மேலேயே மூடிக்கொள்ளும். "ஹலோ, லைன்ல இருக்கியா?" என்று குரல் வரும். திடுக்கிட்டு விழிப்பேன். வரிக்கு வரி எனக்குள் ஒன்று, சொல்லிவிடு, சொல்லிவிடு என்றது. இந்த வரி முடியட்டும், இந்தப் பக்கம் முடியட்டும் என்று தள்ளினேன்.

சரோஜாவின் விழா நாளன்று பதினேழாம் பக்கத்தில் இருந்தோம். அத்தை அன்று நேரத்தோடு குளித்திருந்தார். மாலை ஐந்து மணிக்கு, "இப்ப மாலை போட்டிருப்பாங்க" என்றார். பிறகு, "எஃப் ஃபார் ஃபிரான்ஸ்."

ஊறுகாய் ஜாடிக்கு அடியில் இருந்த பக்கம் எண்ணெய் குடித்து மறைந்துபோயிருந்தது. பிப்ரவரிக்கு எத்தனை நாள் என்று கணக்கிடும் பகுதி. அதை ஞாபகத்திலிருந்து எழுதினேன். பாப்பாவின் பிறந்த தேதியைக் கொடுத்துப் பார்த்தேன். அட்டையில் இருந்த தேதிகளே திரையிலும் வந்தன. கடைசி நாளுக்கு முந்தைய நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெற்றுக்கொண்டவர் டிஸ்க்கைப் போட்டு ஒரே ஒரு தேதியைச் சோதித்துவிட்டு, "சரிம்மா, போங்க" என்றார்.

ஜனவரியில் வேலையில் சேர்ந்தேன்.

இந்த அத்தியாயம்

சரோஜா அப்புறம் அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் போனார், சில வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தார். அத்தை ஓய்வு பெற்றார், மூட்டு வலி வந்தது, நான் பள்ளிக்குப் போனதால் பாப்பாவை அவர்தான் வளர்த்தார். இரண்டு பேரும் இன்னும் பார்த்துக்கொள்ளவில்லை. ஃபோனில் மூன்று நிமிடம். கத்தரிப்பூப் புடவையை அத்தை வேறெதற்கும் கட்டியதில்லை.

இந்தப் பத்திரிகைத் தொடருக்காகப் போன வாரம் இந்த அத்தியாயத்தை எழுதி முடித்தேன். தபாலில் போட முடியவில்லை. எங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகையை முதலில் பிரிப்பவர் அத்தைதான். அச்சில் பார்த்து அவர் தெரிந்துகொள்வது முறையல்ல என்று தோன்றியது. அல்லது அதுவும் பயம்தானா, தெரியவில்லை. ஞாயிறு மதியம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவரிடம் தாள்களைக் கொடுத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அவசரமே இல்லை. ஒரு இடத்தில், "பத்து பக்கமில்ல, டிஸ்க்குதான் பத்து. இங்க மாத்திப் போட்டிருக்க" என்றார். திருத்திக்கொண்டேன். கடைசித் தாள் வந்தது. மடித்து மடியில் வைத்தார்.

"புடவைல இருந்தது நல்லா இருந்துதா?"

"நல்லா இருந்தது அத்தை."

"ஊசிக் கவர்ல இருந்தது?"

"அதுவும்தான்."

எழுந்து அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை, ஒருக்களித்தார். எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. "சரோ, நான்தான். ஒரு கதை சொல்றேன், கேளு."

நான் கீரையை உருவினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. இருபத்தைந்து. நடுவில் ஒரு முறை அவர் குரல் உயர்ந்தது, ஒரு முறை சத்தமே இல்லை. ஒரு முறை சிரித்தது மாதிரி இருந்தது, இருமலாகவும் இருக்கலாம்.

வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"கோயம்புத்தூருக்கு டிக்கெட் போடு. ரெண்டு."

"உங்களுக்கும் அவருக்குமா அத்தை?"

"அவன் எதுக்கு? எனக்கும் உனக்கும். சரோ உன்ன ஒண்ணு கேக்கணுமாம்."

"என்ன கேக்கணுமாம்?"

"எனக்கென்ன தெரியும்? லைனைத்தான் நான் போட்டுக் கொடுப்பேன். பேசறது உங்க பாடு." உருவிய கீரையைக் கிளறிப் பார்த்தார். "காம்போட போட்டிருக்க. பாப்பாவுக்கு டெஸ்ட்டு, ஜுரம்னு எதையாவது யோசிக்கறதுக்கு முன்னாடி டிக்கெட் எடுத்துட்டு வா. எனக்கு லோயர் பர்த்."

மறுநாள் பள்ளி விட்டதும் தாம்பரம் ஸ்டேஷன் கவுண்டருக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. சுவரில் முன்பதிவுப் படிவத்தை வைத்து, முதல் வரியில் அத்தையின் பெயர், வயது, கீழ் படுக்கை என்று எழுதினேன். இரண்டாவது வரியில் என் பெயர். சரோஜா என்ன கேட்பார் என்று யோசித்துப் பார்த்தேன்.

தேதியை இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கவில்லை. கொடுத்துவிட்டேன்.